தீபாவளி அன்னிக்கு பொத்தேரில அடுப்பைப் பத்த வைக்கிறது யாரு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்து, வாசிப்புக்காகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

தீபாவளி நேரம் வந்தாச்சு. இந்த வாரம் எங்க திரும்பினாலும் "சென்னையில எங்க என்ன சாப்பிடலாம்"னு ஒரு லிஸ்ட் ஓடிட்டு இருக்கும். நாம லிஸ்ட் போடப்போறதில்ல. ஒரே ஒரு ஊரை எடுத்துக்கப்போறோம். பண்டிகை நேரத்துல அந்த ஊரோட சின்னக் கடைகள்ல கிடைக்கிற சாதாரண சாப்பாடு ஏன் மனசுக்கு அவ்வளவு ஆறுதலா இருக்கு, அதைச் சமைக்கிறவங்க யாரு, இதைத்தான் பேசப்போறோம். ஊரு, பொத்தேரி.

தெரியாதவங்களுக்காக: தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி செங்கல்பட்டு பக்கம் போனா பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அதுக்கு அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. கூடவே ஜிஎஸ்டி ரோடும் ஓடும். 1985ல பொறியியல் கல்லூரியா ஆரம்பிச்சு இன்னைக்குப் பல்கலைக்கழகமா இருக்கிற எஸ்ஆர்எம் இங்கதான். பக்கத்துலயே அவங்களோட மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதனால இந்த ஊர்ல சொந்த ஊர்க்காரங்களைவிட வெளியூர்க்காரங்கதான் கண்ணுக்கு அதிகமா படுவாங்க. ஆந்திரா, தெலங்கானா, கேரளா, டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார், வங்காளம், வடகிழக்குன்னு நாலா பக்கத்துல இருந்தும் வந்து தங்கிப் படிக்கிற பசங்க. எங்க ஜனம் வருதோ அங்க அடுப்பும் வரும். மெஸ், ஆந்திரா மெஸ், ரோல் கடை, மோமோ வண்டி, பரோட்டாக் கடை, டீக்கடை எல்லாம் நடந்து போற தூரத்துல.

எல்லாரும் போற ரோட்டுல நிக்கிறவங்க

தீபாவளிக்கு முந்தின ரெண்டு மூணு நாள்ல சென்னையில பாதிப்பேர் தெற்கே கிளம்புவாங்கன்னு சொல்லுவோம்ல, அவங்க போற வழிதான் இந்த ஜிஎஸ்டி ரோடு. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்துல கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் திறந்தாங்க. முன்னாடி கோயம்பேட்டுல இருந்த தென் மாவட்டக் கூட்டம் அதுக்கப்புறம் வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் வந்துடுச்சு. பொத்தேரில ரோட்டோரமா ஒரு டீக்கடையில நின்னா மதுரை பஸ், திருநெல்வேலி பஸ், நாகர்கோவில் பஸ், அதுக்கு நடுவுல பையைக் கட்டிக்கிட்டு பைக்ல போறவங்கன்னு ஒரு நகரமே காலியாகிப் போறதை வேடிக்கை பார்க்கலாம்.

அந்த வேடிக்கையைப் பார்க்கிறவங்கதான் நம்ம கதாநாயகர்கள். டெல்லிக்குப் போகணும்னா ரயில்ல மட்டும் ஒரு நாளுக்கு மேல. ரெண்டு மூணு நாள் லீவுக்கு அவ்வளவு தூரம் போயிட்டு வர முடியாது. ஃபிளைட் டிக்கெட் விலையோ அந்த வாரம் பார்த்து, மூச்சை இழுத்துவிட்டு, ஆப்பை மூடி வைக்கிற விலை. ஆஸ்பத்திரியில உள்ளே சேர்த்திருக்கிறவருக்குத் துணையா உட்கார்ந்திருக்கிறவங்க இருக்காங்க. டூட்டி நர்ஸ், செக்யூரிட்டி, டெலிவரி தம்பிகள், ஷிப்ட்ல வேலை பார்க்கிறவங்க. இவங்க யாருக்கும் தீபாவளி அன்னிக்கு வீட்டுச் சமையல் கிடையாது. ஆனா பசி உண்டு. சும்மா பசி மட்டும் இல்ல, "இன்னைக்கு நல்ல நாள்"ங்கிற நினைப்போட வர்ற பசி. அதுக்குத்தான் ஆறுதல் தேவைப்படுது.

ஆறுதல் சாப்பாடுன்னா என்ன?

கம்ஃபர்ட் ஃபுட்னு சொன்ன உடனே சீஸ் வழியிற பர்கர், ஃப்ரைஸ்னு ஒரு படம் வரும். நம்ம ஊர்ல அதுக்கு அர்த்தம் வேற. காய்ச்சல்ல கிடந்தப்போ அம்மா கரைச்சுக் கொடுத்த ரசம் சாதம். ஸ்கூல் டிபன் பாக்ஸ்ல இருந்த தயிர் சாதமும் மாவடுவும். ஹாஸ்டல் பையனுக்கு ராத்திரி பன்னெண்டு மணி மேகி. ருசியில உயர்ந்ததுன்னு சொல்ல முடியாது. ஆனா அதைச் சாப்பிட்டா ஏதோ ஒண்ணு உள்ளே அடங்கும்.

இது வெறும் நினைப்பா, நிஜமாவே ஏதாவது நடக்குதா? ரெண்டு ஆய்வு இருக்கு. ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தாதான் சுவாரசியம்.

முதல் ஆய்வு 2011ல ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழ்ல வந்தது. ஜோர்டன் ட்ராய்சி, ஷிரா கேப்ரியல்னு ரெண்டு பேர் பண்ணினது. சிக்கன் சூப்பைத் தன்னோட ஆறுதல் சாப்பாடா நினைக்கிறவங்களுக்கு அந்த சூப்பைக் கொடுத்தாங்க. குடிச்சு முடிச்சதும் அவங்க மனசுல உறவு சம்பந்தமான வார்த்தைகள் சட்டுனு மேல வந்துச்சு. அது ஆறுதல் சாப்பாடு கிடையாதுன்னு சொன்னவங்ககிட்ட அப்படி நடக்கல. இன்னொரு சோதனையில, நெருக்கமான ஒருத்தரோட போட்ட சண்டையைப் பத்தி எழுதச் சொல்லி மனசைக் கொஞ்சம் கலைச்சாங்க. அதுக்கப்புறம் தனக்குப் பிடிச்ச ஆறுதல் சாப்பாட்டைச் சாப்பிட்ட அனுபவத்தை எழுதச் சொன்னாங்க. உறவுகள்ல பொதுவா நம்பிக்கையோட இருக்கிறவங்களுக்குத் தனிமை உணர்வு குறைஞ்சது. சாப்பிடக்கூட இல்ல பாருங்க, எழுதினதுக்கே!

ரெண்டாவது, 2014ல ‘ஹெல்த் சைக்காலஜி’ இதழ்ல வந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்துல ட்ரேசி மேன் குழு பண்ணினது. சோகமான, கோபம் வர்ற மாதிரியான படக் காட்சிகளைக் காட்டி எல்லாரையும் மூட் அவுட் ஆக்கினாங்க. அப்புறம் சிலருக்கு அவங்களே சொன்ன ஆறுதல் சாப்பாடு, சிலருக்கு அதே அளவு பிடிச்ச வேற சாப்பாடு, சிலருக்கு ஏதோ ஒரு சாதாரண தின்பண்டம், சிலருக்கு ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா எல்லாருக்கும் மூட் ஏறக்குறைய ஒரே அளவு சரியாகியிருந்தது. ஒண்ணுமே சாப்பிடாதவங்களுக்கும்தான்.

அப்போ ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா? எனக்கு அப்படித் தோணல. தட்டுல இருக்கிற பொருளுக்கு மட்டும் மந்திர சக்தி கிடையாதுன்னு ரெண்டாவது ஆய்வு சொல்லுது. அந்தத் தட்டு யாரை ஞாபகப்படுத்துதோ, வேலை செய்யறது அந்த ஆள்தான்னு முதல் ஆய்வு சொல்லுது. ஒரு லேப்ல, முன்னப்பின்ன தெரியாத ஆள் காகிதத் தட்டுல நீட்டுற சாப்பாட்டுக்கும், மெஸ்ல "தம்பி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா"ன்னு கேட்டு வர்ற சாப்பாட்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? அந்தக் கேள்விதான் பாதி ஆறுதல்.

அவங்கவங்க ஊர் ருசி

சாதாரண நாள்ல பொத்தேரியில சுத்தினா இந்த ஆறுதல் எத்தனை மொழியில இருக்குன்னு புரியும். ஆந்திராப் பையன் பிரியாணி சாப்பிடும்போது சந்தோஷமா இருப்பான். ஆனா உடம்பு சரியில்லாத அன்னிக்கு அவன் தேடுறது பப்பு, சுடு சோத்துல பொடியும் நெய்யும், ஓரமா கொஞ்சம் ஆவக்காய். டெல்லி பக்கத்துப் பொண்ணுக்கு ராஜ்மா சாவல், இல்லன்னா தயிரோட ஒரு ஆலு பராத்தா. மலையாளிக்குப் புட்டும் கடலையும். கொல்கத்தா பையனுக்கு முட்டை ரோல். மதுரைக்காரனுக்கு பரோட்டாவும் சால்னாவும். கோயம்புத்தூர் பக்கமா இருந்தா, பாதி வெந்த முட்டையில சால்னா கலந்த கலக்கி.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. இந்த லிஸ்ட்ல இருக்கிற நிறைய ஐட்டம் விலை குறைஞ்ச, அன்றாடச் சமையல். பருப்பு, சோறு, மாவு, முட்டை, தயிர். விசேஷச் சமையல் வீட்டுக்கு வீடு மாறும், பெரிய ஹோட்டல்லயும் கிடைக்கும். ஆனா தினமும் சாப்பிட்டது எதுவோ அதுதான் நாக்குல ஊர் பேரை எழுதி வைக்குது. அதனாலதான் பண்டிகை நாள்ல, ஊரெல்லாம் ஜாங்கிரி சாப்பிடும்போது, தூரத்துல இருக்கிறவனுக்கு வெறும் பருப்பு சாதம் போதும்னு தோணுது.

சின்னக் கடையில இந்த ருசி சரியா வர, அதை எப்ப சாப்பிடறோம்ங்கிறதும் முக்கியம். ரசத்தை எடுத்துக்கோங்க. நுரை கட்டி மேல வரும்போது இறக்கிடணும். மிளகு, சீரகம், கொத்தமல்லி வாசனை எல்லாம் சூட்டுல பறந்து போற சமாசாரம். மத்தியானம் வச்ச ரசம் ராத்திரி வரைக்கும் அடுப்புல கொதிச்சுட்டே இருந்தா மிச்சம் இருக்கிறது புளிப்பும் உப்பும்தான். அதனால ரசத்துக்கு மத்தியானம் முதல் பந்தி. தயிர் சாதத்துக்கும் அதே கதை, பொழுது சாயச் சாயப் புளிக்கும். பரோட்டா, தோசை, ஆம்லெட் மாதிரி கல்லுல இருந்து நேரா தட்டுக்கு வர்றதுதான் ராத்திரிக்குச் சரி. பருப்பை எப்ப வேணா சூடு பண்ணலாம், ஆனா தாளிப்பு மட்டும் புதுசா இருக்கணும். கேட்டுப் பாருங்க, கூட்டம் இல்லன்னா கொஞ்சம் தாளிச்சுக் கொடுப்பாங்க.

ஒரே நாள், ரெண்டு தீபாவளி

இப்போ பண்டிகை நாளுக்கு வருவோம். தமிழ்நாட்டுல தீபாவளி விடிகாலையில நடக்கிற விஷயம். நரக சதுர்த்தசி, எண்ணெய்க் குளியல், புதுத் துணி, வெடி. வெறும் வயித்துல ஒரு உருண்டை தீபாவளி லேகியம். இஞ்சி, ஓமம், திப்பிலி, வெல்லம், நெய்னு கிளறினது. அன்னிக்கு முழுக்க உள்ளே போகப்போற எண்ணெய்ப் பலகாரத்துக்கு முன்ஜாக்கிரதை. அப்புறம் நிறைய வீட்டுல இட்லியும் கறிக்குழம்பும். தீபாவளின்னா சைவம்னு நினைக்கிற வட இந்திய நண்பர்கள், அன்னிக்குக் காலையில கறிக்கடை வாசல்ல நிக்கிற வரிசையைப் பார்த்தா அசந்து போவாங்க.

அவங்களுக்கோ அமாவாசை ராத்திரிதான் தீபாவளி. லட்சுமி பூஜை, விளக்கு, அதுக்கப்புறம் பூரி, சப்ஜி, மிட்டாய். பல வருஷம் ரெண்டும் ஒரே தேதியில வரும், சில வருஷம் ஒரு நாள் முன்னப்பின்ன இருக்கும். ஒரே தேதியில வந்தா பொத்தேரி மாதிரி ஊர்ல காலையில தமிழ் தீபாவளி, ராத்திரி வட இந்திய தீபாவளி. நடுவுல மத்தியானம் ரெண்டு தரப்புக்கும் பசிக்கும்.

அந்த மத்தியானத்துலதான் சிக்கல். பல மெஸ் வாசல்ல "தீபாவளியை முன்னிட்டு கடை விடுமுறை"ன்னு அட்டை தொங்கும். சிலது ஒரு நாள், சிலது நாலு நாள். திறந்திருக்கிற கடையிலயும் பாதி ஐட்டம் இருக்காது. அந்த "இல்ல"ங்கிற லிஸ்ட்டைத்தான் நான் உங்களைக் கவனிக்கச் சொல்றேன்.

போர்டைப் படிச்சா ஆள் தெரியும்

நம்ம ஊர்ச் சின்ன ஹோட்டல்ல வேலை கை கையா பிரிஞ்சிருக்கும். குழம்பு, கூட்டு வகையறாவுக்கு சரக்கு மாஸ்டர். பரோட்டாவுக்குத் தனி மாஸ்டர். டீ மாஸ்டர் தனி. அப்புறம் சப்ளையர், டேபிள் துடைக்கிறவர், பாத்திரம் கழுவுறவர். பரோட்டா மாஸ்டர் வேலையை இன்னொருத்தர் சட்டுனு பார்த்துட முடியாது. மாவைப் பிசைஞ்சு, எண்ணெய் தடவி ஊற வச்சு, வீசி, மடிச்சு, சுருட்டி, தட்டி, கல்லுல போட்டு, எடுத்ததும் அடுக்கி ரெண்டு கையாலயும் நசுக்கணும். வருஷக் கணக்குல கை பழகினாத்தான் அந்த அடுக்கு பிரியும்.

அதனால "இன்னைக்கு பரோட்டா இல்லண்ணா"ன்னு சொன்னா, மாஸ்டர் ஊருக்கு பஸ் ஏறிட்டார்னு அர்த்தம். டீ நல்லா இல்லன்னா டீ மாஸ்டருக்கு பதிலா வேற யாரோ ஆத்துறாங்க. சாம்பார், பொரியல் இல்ல, வெறும் ஃப்ரைட் ரைஸும் நூடுல்ஸும்தான்னா சரக்கு மாஸ்டர் இல்ல, சைனீஸ் கல்லு பார்க்கிற தம்பி மட்டும் இருக்கார். பண்டிகை நாளோட மெனு, யாரெல்லாம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாங்கங்கிற வருகைப் பதிவேடு மாதிரி.

அப்போ இருக்கிறவங்க யாரு? ஏன் போகல? சில பேருக்குக் காசு. சில பேருக்கு தூரம். பீகார்லயோ ஒடிசாலயோ இருந்து வந்தவருக்கு ரெண்டு நாள் லீவு பிரயோஜனப்படாது. ஆனா இன்னொரு காரணமும் இருக்கு, அதைத்தான் நாம அதிகம் யோசிக்கறதில்ல. அவங்களோட பெரிய பண்டிகை வேற தேதியில வருது.

2025ஐ எடுத்துக்கோங்க. மலையாளிக்குத் திருவோணம் செப்டம்பர் 5. வங்காளிக்கு துர்கா பூஜை முடியிற விஜயதசமி அக்டோபர் 2. நேபாளிகளோட தசைன் பண்டிகையில பெரியவங்க நெத்தியில டீக்கா வைக்கிற நாளும் அதேதான். தீபாவளி அக்டோபர் 20. பீகார்க்காரருக்கு உயிரான சத் பூஜையோட முக்கிய நாள், சூரியன் மறையும்போது தண்ணியில நின்னு கும்பிடற நாள், அக்டோபர் 27. அப்புறம் டிசம்பர்ல கிறிஸ்துமஸ். ஜனவரி நடுவுல தமிழருக்குப் பொங்கல், தெலுங்கருக்கு சங்கராந்தி.

இதையெல்லாம் ஒரு கோட்டுல வச்சுப் பாருங்க. மதுரைக்காரர் தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ பீகார் தம்பி கல்லு முன்னாடி நிக்கிறார். ஒரு வாரம் கழிச்சு அவர் சத் பூஜைக்குக் கிளம்பினா மதுரைக்காரர் திரும்பி வந்திருப்பார். எல்லாருக்கும் ஒரே நாள்ல பண்டிகை வந்திருந்தா, அந்த நாள்ல இந்த ரோட்டுல ஒரு அடுப்புகூட எரியாது. நாடு இவ்வளவு கலவையா இருக்கிறதாலதான் தீபாவளி மத்தியானம் உங்களுக்கு ஒரு தட்டுச் சோறு கிடைக்குது.

ஆனா இந்த முறை எப்பவும் நியாயமா நடக்கும்னு சொல்ல முடியாது. மதுரைக்காரர் போயிட்டு வந்துடுவார், ஆனா சத் பூஜைக்கு லீவு கேட்டா "அது என்னய்யா பண்டிகை"ன்னு முதலாளி கேட்டுட்டா? பேரு தெரியாத பண்டிகைக்கு லீவு கிடைக்கிறது கஷ்டம். அதனாலதான் அந்தப் பேரை நாம தெரிஞ்சு வச்சுக்கறது முக்கியம்னு சொல்றேன்.

சட்டம் என்ன சொல்லுது?

இதைக் கேட்கிற பல பேர் நீங்களே பகுதி நேரமா கஃபேலயோ, கடைலயோ வேலை பார்ப்பீங்க. அதனால இது உங்களுக்கும்தான்.

தமிழ்நாட்டுல 1958லயே தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகளுக்குன்னு ஒரு சட்டம் வந்தது. தொழில் நிறுவனங்கள்னு பேர்ல இருந்தாலும் கடைகள், உணவகங்களுக்கும் சேர்த்துத்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இந்த நாலும் சம்பளத்தோட கட்டாய விடுமுறை. இதுக்கு மேல வருஷத்துக்கு அஞ்சு பண்டிகை நாள். அப்படி விடுமுறைன்னு குறிச்ச ஒரு நாள்ல வேலைக்குக் கூப்பிட்டா, ஒண்ணு அன்னிக்கு ரெட்டைச் சம்பளம், இல்லன்னா அன்னிக்குச் சம்பளமும் வேற ஒரு நாள் சம்பளத்தோட லீவும்.

அஞ்சு பண்டிகை நாள்னு சொன்னேன்ல, அதுல நாலைஞ்சும் தமிழ்ப் பண்டிகையாவே போயிட்டா, தூர ஊர்க்காரருக்கு அவரோட பண்டிகைக்கு அதுல இடம் இல்ல. ஆனா தீபாவளி அன்னிக்கு வேலை பார்த்ததுக்கு பதிலா வேற நாள் லீவு எடுக்கலாம்னு அந்தச் சட்டமே ஒரு வழி வச்சிருக்கு. அந்த வேற நாள் அவரோட சத் பூஜையா இருக்கலாம், துர்கா பூஜையா இருக்கலாம். முதலாளியும் தொழிலாளியும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசினா ரெண்டு பேருக்கும் லாபம். பண்டிகை நாள்ல கடை திறந்திருக்கும், ஆளும் ஊருக்குப் போயிட்டு வருவார்.

இந்த ரயில் முடியிற இடத்துல ஒரு கதை

வெளியூர்க்காரர் தன் ஆறுதலுக்குச் சமைச்சது அப்புறம் ஊருக்கே ருசியாகிறது சென்னைக்குப் புதுசில்ல. பொத்தேரில நீங்க ஏறுற அதே மின்சார ரயில்ல கடைசி வரைக்கும் போனா சென்னை பீச் ஸ்டேஷன். இறங்கினா ராஜாஜி சாலை, பர்மா பஜார்.

1962ல பர்மாவுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சது. அடுத்தடுத்து கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆச்சு. தலைமுறை தலைமுறையா அங்க வாழ்ந்த தமிழர்கள் ஏராளமான பேர் கையில கிடைச்சதோட கப்பலேறி மெட்ராஸ் வந்தாங்க. சொந்த நாடுன்னுதான் பேரு, ஆனா பல பேருக்கு இது பழக்கமே இல்லாத ஊர். அவங்க பிழைப்புக்கு உருவானதுதான் பர்மா பஜார். அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டிகள்ல வந்ததுதான் அத்தோ. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரிச்ச பூண்டு, புளித்தண்ணி, மிளகாய்த்தூள், மேல மொறுமொறுன்னு பேஜோவை நொறுக்கிப் போட்டு, எல்லாத்தையும் கையால கலந்து கொடுப்பாங்க. கையால கலக்கிறதைக் குறிக்கிற பர்மியச் சொல்லோட திரிபுதான் அந்தப் பேரு. கூட வாழைத்தண்டு போட்ட சூடான மொய்ங்கா சூப்.

யோசிச்சுப் பாருங்க, அதை முதல்ல வாங்கிச் சாப்பிட்டவங்க யாரா இருப்பாங்க? அவங்களை மாதிரியே கப்பல்ல வந்தவங்க. விட்டுட்டு வந்த ரங்கூன் தெருவை நாக்குல தேடினவங்க. இன்னைக்கு ரங்கூனைப் பார்க்காத வடசென்னைப் பையனுக்கு அத்தோதான் ஆறுதல் சாப்பாடு. வெளியூர் போனா அதைத்தான் தேடுறான். ஒருத்தரோட ஏக்கம் ரெண்டு தலைமுறையில இன்னொருத்தரோட சொந்த ஊர் ருசியாகிடுது.

பொத்தேரியில இப்ப நடக்கிறதும் அதோட ஆரம்பம் மாதிரித்தான் இருக்கு. இங்க நாலு வருஷம் படிச்சுட்டுப் போற தஞ்சாவூர்ப் பையன், பின்னாடி பெங்களூர்ல ஒரு மழை நாள்ல கோங்குரா பச்சடியைத் தேடுவான். பாட்னாக்காரப் பொண்ணு, ஊருக்குப் போயும் "ரசம் கிடைக்குமா"ன்னு கேட்பா.

அப்போ இந்தத் தீபாவளிக்கு என்ன பண்ணலாம்?

நீங்க ஹாஸ்டல்லயோ ரூம்லயோ தங்கி இருக்கீங்கன்னா, ரெண்டு நாள் முன்னாடியே வழக்கமா சாப்பிடுற மெஸ்ல கேட்டு வச்சுக்கோங்க. எந்தக் கடை எந்த நாள் லீவு, எந்த நேரம் திறப்பாங்கன்னு. நல்ல மெஸ்கள்ல தலைக்கணக்கு தெரிஞ்சா அரிசி அதுக்குத் தகுந்த மாதிரி போடுவாங்க. நீங்க சொல்லி வைக்கிறது அவங்களுக்கும் உதவி.

முடிஞ்சா அன்னிக்கு ஆர்டர் போட்டு ரூம்ல தனியா சாப்பிடாதீங்க. போய் உட்கார்ந்து சாப்பிடுங்க. பக்கத்து ரூம்ல யாராவது போகாம இருந்தா தட்டிக் கூப்பிடுங்க. அந்த ரெண்டு ஆய்வும் சேர்ந்து சொன்னது இதைத்தானே, ஆறுதல் ஆள்கிட்ட இருந்துதான் வருது.

மெனு பாதிதான் இருக்கும்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. "என்ன இருக்கு"ன்னு கேட்டு, இருக்கிறதுல எது இப்போ கல்லுல இருந்து வருதோ அதை வாங்குங்க. கொஞ்சம் லேட் ஆகும். நாலு பேர் வேலையை ரெண்டு பேர் பார்த்துட்டு இருப்பாங்க. அன்னிக்கு ஒரு நாள் ஸ்டார் குறைக்கிற விரலுக்கு லீவு விடுங்க.

ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கணும்னு தோணினா கல்லாவுல மட்டும் கொடுத்துட்டு வராதீங்க, உள்ளே பாத்திரம் கழுவுறவர் வரைக்கும் போய்ச் சேருற மாதிரி கொடுங்க. டிப்ஸும் அதே மாதிரி, முடிஞ்சா கையில. பால் ஸ்வீட்டா இருந்தா எத்தனை நாள் தாங்கும்னு பார்த்து வாங்குங்க. தட்டுல வச்சு எடை போட்டு விக்கிற ஸ்வீட்டுக்கும் எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு கடையில எழுதி வைக்கணும்னு 2020 அக்டோபர் 1ல ஒரு விதி அமலுக்கு வந்தது.

கடைசியா ஒண்ணு. "ஹேப்பி தீபாவளி மாஸ்டர்"னு சொல்லுவீங்கல்ல, அதோட நிறுத்திடாம இன்னொரு கேள்வியும் கேளுங்க. "உங்க ஊர்ல பெரிய பண்டிகை எப்போ?" பதில் ஹிந்தியில வரலாம், ஒடியாவுல வரலாம், திருநெல்வேலித் தமிழ்ல வரலாம். அந்தத் தேதியை போன்ல குறிச்சு வச்சுக்கோங்க. அந்த நாள் வரும்போது அவர் கல்லு முன்னாடி இல்லன்னா, உங்களுக்குப் பிடிச்ச ஐட்டம் போர்டுல இல்லன்னா, சந்தோஷப்படுங்க. அவர் வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கார்.